குடுவை திறந்திருக்கும்போது

ஈரத் துணியை யாரோ அவசர அவசரமாக அலசுவது போன்ற சத்தம் அது.

கோவில்பட்டியில், ஒரு பெண் டாக்டரின் சின்ன அறையில், செண்பகவல்லியின் வயிற்றின் மேல் வைத்த கருவிக்குள்ளிருந்து வந்தது.

"என்ன ஓட்டம் ஓடுதான் பாருங்க" என்று நர்ஸ் சிரித்தாள்.

அடுத்த மாதம் போனபோது கருவி வயிற்றின் மேல் வெகுநேரம் ஊர்ந்தது. பிறகு ஒரு துடிப்பு கேட்டது. மெதுவான துடிப்பு. செண்பகவல்லி தலையைத் தூக்கி, "இந்தா, கேக்குதே" என்றாள்.

"அது உங்க துடிப்பும்மா" என்றார் டாக்டர்.

*

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, செண்பகவல்லி தன் பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களின் ஓரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனாள். உலகத்தின் முதல் செல் எப்படி உண்டாகியிருக்கும் என்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். தேடியவர்களுக்குத் தலைவி எப்சிபா.

எப்சிபா ஒரு காலத்தில் செண்பகவல்லியிடம் வேதியியல் படித்தவள்.

டீச்சரைப் பார்த்ததும் எப்சிபா நாற்காலியை விட்டு எழுந்தாள். இவளும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"உக்காருங்க டீச்சர்."

"நீங்க உக்காருங்க மேடம்."

"என்னைப் போயி மேடம்ங்கீங்களே. உங்க ஸ்கேல் அடி வாங்குன கை இது."

"அதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

எப்சிபா சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"இந்த வயசுல என்னத்தைத் தெரிஞ்சுக்கிடணும் டீச்சர்?"

"ஒரு துடிப்பு எங்க இருந்து வருது?"

"அம்மாகிட்ட இருந்து."

"அந்த அம்மாவுக்கு?"

"அவ அம்மாகிட்ட இருந்து."

"அப்படியே போனா, கடைசியில?"

"கடைசியில யாருக்கும் தெரியாது. அதைத்தான் தேடுதோம்."

"அப்போ ஒரு தடவையாவது, யாரும் பெறாம அது வந்திருக்கு."

"ஒரு தடவை. அப்படித்தான் நெனைக்கோம்."

"ஒரு தடவை வந்தது, மறுதடவை வராதா?"

எப்சிபா அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"இங்க ஒரே ஒரு சட்டம்தான் டீச்சர். குடுவை திறந்திருக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சோட எச்சிலும் வரும். அதுவும் நம்ம பக்கத்துப் பேச்சு இருக்கே, சாரல் மாதிரி."

*

ஜன்னலுக்கு வெளியே உப்பளத்துக்காரர்கள் பாத்திக்குள் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். வெயில் அதைக் குடிக்கும். அடியில் வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். மறுபடியும் பாய்ச்சுவார்கள்.

செண்பகவல்லி குடுவைக்குள் அதையே செய்தாள்.

களிமண், உப்பு, கொஞ்சம் கொழுப்பு. உயிருக்கு முந்தின உலகத்தில் கிடந்திருக்கக்கூடிய வேறு சில பொருள்கள். எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து, ஒரு கிருமிகூட மிச்சமில்லாமல் செய்து, பஞ்சால் வாயை அடைத்துச் சூட்டில் வைப்பாள். காய்ந்ததும், ஸ்பிரிட் விளக்கின் சுடரோரத்தில் பஞ்சை எடுத்து, வேகவைத்த நீரை ஊற்றுவாள். காய்ந்தால் சிறிய மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றின் கையை ஒன்று பற்றிக்கொள்ளும். நனைந்தால் பாதி கைவிட்டுப் போகும். பாதி நிற்கும்.

ஒருநாள் கொழுப்பு தானாகவே சுருண்டு குமிழ்களாக மூடிக்கொண்டது. நுண்ணோக்கியில் அவள் அதை மறுபடி மறுபடி பார்த்தாள். அதுவரை எங்கும் ஒரே நீராக இருந்தது. இப்போது உள்ளே என்று ஒன்று, வெளியே என்று ஒன்று.

குமிழ்கள் பருத்தன. உடைந்தன.

ஒரு குமிழ்கூட இன்னொரு குமிழைப் பெறவில்லை.

"வரும் டீச்சர்" என்று எப்சிபா சொன்னதே இல்லை. "வராது" என்றும் சொன்னதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவள் மதுரைக்குப் போய்வந்தாள். அந்த வருடம் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். உப்புக்காற்றுக்காக இருக்கும் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள். செண்பகவல்லியின் கண் எப்போதும் குடுவையிலேயே இருந்தது.

*

செண்பகவல்லிக்குப் பிள்ளை பிறந்து அழாமல் போன அன்று, வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது.

நர்ஸுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விரலெல்லாம் எவ்வளவு அழகாப் பிரிஞ்சிருக்கு பாருங்கம்மா" என்றாள்.

மாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருந்தது.

"நாப்பது தலைமுறை வம்சம். உன் வயித்தோட முடிஞ்சிட்டு."

அதற்குப் பிறகு அவளுக்குக் கரு நிற்கவில்லை. கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியதும் இல்லை, தேற்றியதும் இல்லை. மாமியார் செத்துப்போனாள். சொன்னது மட்டும் வீட்டிலேயே இருந்தது.

உப்பளத்துக்கு வந்து படிக்கப் படிக்கத்தான், அந்தக் கணக்கு தப்பு என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது.

நாற்பது தலைமுறை இல்லை. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல் பிளந்து வந்தது. அது இன்னொன்று பிளந்து வந்தது. மீன் வழியாக, புழு வழியாக, பேரில்லாத ஏதோ ஒரு துளி வழியாக, ஏறத்தாழ நானூறு கோடி வருடம். நடுவில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அவள் பிறந்திருக்க மாட்டாள். ஒன்றுகூட அறுந்ததில்லை.

பனிக்காலங்களில் அறாதது, கடல் வற்றியபோது அறாதது, கோவில்பட்டியில் ஒரு பிரசவ அறையில் அறுந்தது.

மாமியார் கணக்குத் தெரியாமல் குறைத்துச் சொல்லிவிட்டாள்.

*

ஒரு மாலையில் மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். செண்பகவல்லி விளக்கை ஏற்றி, பஞ்சை எடுத்து, குடுவைக்கு மேல் குனிந்தாள்.

"ஏலே, சாப்பிட்டியா?"

சொன்ன பிறகுதான், சொன்னது தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வயிற்றுப் பிள்ளையிடம் கேட்ட கேள்வி. அப்போது பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம், பிள்ளைகளுக்குக் கேட்டுவிடாமல், மெதுவாகக் கேட்பாள்.

அவசரமாகப் பஞ்சை அடைத்தாள். சட்டம் மீறியாயிற்று. அந்தக் குடுவையைக் கொட்டிக் கழுவியிருக்க வேண்டும்.

கொட்டவில்லை.

மறுநாளும் கேட்டாள். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது.

*

ஒரு காலையில் குடுவை கலங்கியிருந்தது.

ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குட்டிக் குட்டி உருண்டைகள். சில ஒற்றையாக, சில ஜோடியாக, சில சரமாக. ஒன்று அவள் கண் முன்னால் நடுவில் இடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இடுங்கி, இடுங்கி, இரண்டாயிற்று.

அவளுக்குக் காது அடைத்தது. எங்கோ யாரோ ஈரத் துணி அலசினார்கள்.

"மேடம்! மேடம்! எப்சிபா!"

எப்சிபா வந்தாள். முந்தின நாள்தான் மதுரையிலிருந்து திரும்பியிருந்தாள், முகம் கறுத்திருந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்தாள்.

"டீச்சர், வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்க."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். எப்சிபா நாக்கின் மேல் குச்சியை ஓட்டி எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றினாள். இன்னொரு துண்டில் குடுவை நீரைத் தடவி அதற்கும் ஏற்றினாள். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தாள்.

"நீங்களே பாருங்க."

பார்த்தாள். இங்கேயும் அதே உருண்டைகள், கோத்த மணிபோல. அங்கேயும் அதே மணி.

"இது ஒண்ணுமில்லாததுல இருந்து வரலை டீச்சர். உங்ககிட்ட இருந்து வந்திருக்கு."

செண்பகவல்லி பஞ்சை எடுத்துக் குடுவையின் வாயை அடைத்தாள்.

"குடுவைகிட்டப் பேசினீங்களா?"

தலையசைத்தாள்.

"என்ன பேசினீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

எப்சிபா கை நீட்டி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். அணைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

*

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான் மேடம்" என்றாள் செண்பகவல்லி. "உயிரில இருந்துதான் உயிர். நானூறு கோடி வருஷமா ஒரு இடத்துலகூட அறுந்ததில்லைன்னு சொன்னீங்க. எங்கிட்ட வந்து அறுந்திருச்சே. எதுக்காக இவ்வளவு தூரம் வந்துது? எங்கிட்ட வந்து நிக்கவா?"

எப்சிபா வலது கையைத் தூக்கி, விரல்களை அகல விரித்து, அவள் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"என்ன தெரியுது?"

"அஞ்சு விரல்."

"வேற?"

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லாத இடத்தைப் போயிப் பாருங்க. பக்கத்து அறையில அடைமுட்டை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு நாள் மூத்தது, வரிசையாத் திறந்து பாருங்க. கோழிக்குஞ்சோட காலை மட்டும் பாத்தாப் போதும்."

செண்பகவல்லியின் குரல் உயர்ந்தது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவளை அடைமுட்டை பாக்க அனுப்புதியா நீ?"

அவளை 'நீ' என்று சொன்னது, அவள் பள்ளிக்கூடம் விட்டுப்போன பிறகு அதுதான் முதல் தடவை.

"ஆமா டீச்சர்" என்றாள் எப்சிபா.

*

செண்பகவல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். இனி உப்பளத்துப் பக்கம் போவதில்லை என்று இருந்தாள்.

வீட்டில் கணவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அவள் தன் கையைப் பார்த்தாள். புளித்தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஒழுகி ஓடியது. சக்கை உள்ளே நின்றது.

அந்த ஒண்ணுமில்லாத இடம்.

மறுநாள் பஸ் ஏறினாள்.

*

முட்டையின் ஓட்டில் நகக்கண் அளவுக்கு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தாள். மஞ்சளுக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

காலைத் தேடினாள். கால் இல்லை, தோசைத் திருப்பிபோல ஒரு தட்டை. விரலே இல்லை.

அதற்கு மூத்த முட்டையில், தட்டைக்குள் நாலு கோடு தெரிந்தது. கோடுகளுக்கு நடுவிலும் சதைதான். அதுவும் உயிருள்ள சதை.

அதற்கும் மூத்ததில் நீலச் சாயம் இட்டாள். சாகிற செல்லை மட்டும் காட்டிக்கொடுக்கும் சாயம் அது. கோடுகளில் நீலம் ஏறவில்லை. நடுவில்தான் ஏறியது. எறும்பு வரிசைபோல நீலம் நீலமாக.

அதற்கடுத்த முட்டையில் நீலமும் இல்லை. அந்த இடமே இல்லை. நாலு விரல் தனித்தனியாக நின்றது.

செண்பகவல்லி முந்தின முட்டைக்குத் திரும்பிப் போனாள். நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உப்புக் குவியலின் மேல் ஓலை சரசரத்தது.

*

எப்சிபா தன் அறையில் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." செண்பகவல்லி எதிரே உட்கார்ந்தாள். "அந்த நீலச் செல்லுங்களும் நானூறு கோடி வருஷம் அறாம வந்ததுங்கதானே?"

"ஆமா."

"விரல்ல இருக்கிறதுங்களுக்கு எத்தனை வயசோ, அதே வயசு."

"அதே வயசு டீச்சர்."

"ஒரு செல்லைக்கூட விட்டுட்டுப் போகலையே."

"இல்லை."

"யாரு கொல்லுதா?"

"யாரும் கொல்லலை. அதுக்கே சாகத் தெரியும். நேரம் வந்தா உள்ள இருந்து தானா அவுந்துரும். பக்கத்துல உள்ளது வாரித் தின்னுட்டுப் போயிரும்."

செண்பகவல்லி தன் விரலிடுக்கைத் தடவிப் பார்த்தாள்.

"சாகலைன்னா?"

எப்சிபா தலையில் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தாள். துணி தோளில் விழுந்தது. தலையில் ஒரு முடி இல்லை.

"சாக மறந்ததுங்க எங்கிட்ட இருக்கு டீச்சர்" என்று இடது மார்பைத் தொட்டுக் காட்டினாள். "மதுரையில வெட்டி எடுத்தாங்க. மருந்து குடுத்தாங்க. இப்போ ஈரல்லயும் இருக்குங்காங்க. அதுங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். பிளந்துக்கிட்டே இருக்கும்."

உப்புக்காற்றுக்காக என்று நினைத்த துணி. எத்தனை மாதமாக அந்தத் துணி கண் முன்னால் இருந்தது!

அவள் முகத்தைச் செண்பகவல்லி அப்போதுதான் பார்த்தாள். பதினோராம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்த முகம். கன்னம் ஒட்டியிருந்தது.

"சாப்பிட்டியா எப்சிபா?"



"இறங்க மாட்டேங்குது டீச்சர்."

மேஜைமேல் அவள் கை கிடந்தது. அன்றைக்குக் காட்டியதுபோலவே, விரல் விரிந்து. செண்பகவல்லி தன் கையை அதன்மேல் வைத்தாள். வைத்ததும் அவள் விரல்கள், யாரும் சொல்லாமலே, அந்த இடைவெளிகளுக்குள் இறங்கின. கோத்துக்கொண்டன.

விரலெல்லாம் எவ்வளவு அழகாப் பிரிஞ்சிருக்கு பாருங்கம்மா.

இருபது வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான் அவளுக்கு அந்த நர்ஸின் குரல் கேட்டது. அழுதாள். எப்சிபா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ரசம் கொண்டு வாறேன்" என்றாள் செண்பகவல்லி, அழுகை நின்றதும். "மிளகு தூக்கலா. அது இறங்கும்."

"ஸ்கேலும் கொண்டு வாங்க" என்றாள் எப்சிபா. "இல்லைன்னா குடிக்க மாட்டேன்."

*

எப்சிபா அடுத்த சித்திரையில் இறந்துபோனாள். நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை.

மார்பில் வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை அவளே கேட்டு வாங்கி, உப்பளத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்க்க வைத்திருந்தாள். அந்தச் செல்கள் இன்னும் சாகவில்லை. இளஞ்சிவப்பு ஊட்டநீருக்குள், உடம்புச் சூட்டில், ஒன்று இரண்டாகிக்கொண்டே இருக்கின்றன.

அவற்றுக்குச் செண்பகவல்லிதான் உணவு மாற்றுகிறாள். விளக்கை ஏற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, குடுவையைத் திறக்கிறாள். பழைய நீரை எடுத்துப் புதுநீரை ஊற்றுகிறாள். மூடும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.